சூட்கேஸுக்குள் ஒரு வானொலி நிலையம்

மூடியிருந்தால் சாதாரணப் பயண சூட்கேஸ். திறந்தால் உள்ளே செய்தி அனுப்ப ஒரு கருவி, கேட்க ஒரு கருவி, இரண்டுக்கும் மின்சாரம் தர இன்னொன்று. ஜெர்மனியின் பிடியிலிருந்த நாடுகளில் உளவும் நாசவேலையும் நடத்த பிரிட்டன் 1940-இல் தொடங்கிய எஸ்.ஓ.இ. என்ற ரகசிய அமைப்புக்காக ஜான் பிரவுன் வடிவமைத்த பி2 சிற்றலை வானொலி இது. எடை சுமார் 15 கிலோ.

இதன் திறன் அதிகபட்சம் 20 வாட். ஒரு சின்ன குண்டு பல்புக்கு ஆகும் மின்சாரம்தான். பாரிஸிலிருந்து லண்டனுக்கு அது எப்படிப் போதும்? 3 முதல் 16 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைகள் வானில் நூறு கிலோமீட்டருக்கும் மேலே உள்ள அயனி மண்டலத்தில் வளைந்து, தொலைவில் தரையிறங்கும். பேச்சுக்குப் பதில் மோர்ஸ் குறிகளை அனுப்பியதால், மங்கலாக வந்தாலும் பயிற்சி பெற்ற காது பிடித்துக்கொள்ளும்.

உண்மையான சிக்கல் ஒளிந்திருப்பதுதான். லண்டனுக்குப் போகும் அலை ஜெர்மானியர் காதிலும் விழும். தொலைதூர நிலையங்கள் அலை வரும் திசையை அளந்து ஊரைக் கணிக்கும். பிறகு திசைகாட்டும் ஏரியல் பொருத்திய வண்டிகள் தெருத்தெருவாகத் தேடும்.

பி2-இன் வடிவமைப்பு இந்த வேட்டைக்குப் பதில் சொன்னது. அனுப்பும் அதிர்வெண்ணை நிர்ணயித்தது ஒரு குவார்ட்ஸ் படிகம். அதைக் கழற்றி வேறொன்றைச் செருகினால் அதிர்வெண் மாறிவிடும். வீட்டு மின்சாரத்திலும் 6 வோல்ட் கார் பேட்டரியிலும் ஓடியதால், மின்சாரம் இல்லாத கொட்டகையிலும் கடையை விரிக்கலாம். சில நிமிடங்கள் அனுப்பிவிட்டு இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு.

ஆனால் கருவியால் தடுக்க முடியாத ஒன்று உண்டு: துரோகம். திப்பு சுல்தான் வழிவந்த நூர் இனாயத் கான் 1943 ஜூனில் எஸ்.ஓ.இ.யின் வானொலி இயக்குபவராக பிரான்ஸில் இறங்கினார். சகாக்கள் வரிசையாகப் பிடிபட்ட பிறகும் திரும்பி வர மறுத்து, பாரிஸில் இடம் மாறி மாறிச் செய்தி அனுப்பினார். அவரைப் பிடித்துக் கொடுத்தது திசைகாட்டும் வண்டி அல்ல, காட்டிக்கொடுத்த ஒருவர். அக்டோபரில் கைதான அவரோடு வானொலியும், அனுப்பிய செய்திகளை எழுதிவைத்த நோட்டும் சிக்கின. அவற்றைக் கொண்டு ஜெர்மானியர் அவரைப் போலவே செய்தி அனுப்ப, லண்டன் நம்பியது. அதை நம்பி அனுப்பப்பட்ட உளவாளிகள் நேராக எதிரியின் கையில் போய் விழுந்தார்கள். மோர்ஸ் விசையைத் தட்டுவது யார் என்று வானொலிக்குத் தெரியாது. அதைச் சந்தேகித்திருக்க வேண்டியது லண்டனில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான்.