கணக்கில் ஏறாத தானம்

கம்பெனிகள் சமூக நலத்துக்குச் செலவிட்டே தீரவேண்டும் என்று சட்டம் செய்த தேசங்கள் மிகச் சில. அவற்றுள் நமது தேசமும் ஒன்று. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, வியாபாரம் 1,000 கோடியோ, லாபம் 5 கோடியோ எட்டிய கம்பெனி, முந்திய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு 2 வீதம் செலவிட வேண்டும். தன் சிப்பந்திகளுக்கு மட்டும் செய்யும் உபகாரம் இதில் சேராது. நியாயந்தானே? வீட்டாருக்குச் சோறு போட்டுவிட்டு அன்னதானம் என்று சொல்லிக்கொள்ளலாமா?

ஆனால் அந்தச் சிப்பந்திகளே தொண்டுக்குக் கிளம்பினால்? கம்பெனி நேரத்தில் ஓர் எஞ்சினீயர் கிராமப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணிதம் போதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குரிய சம்பளத்தைத் தர்மக் கணக்கில் எழுதலாம் என்றது, 2014 ஜூனில் சர்க்கார் விடுத்த சுற்றறிக்கை. 2021 ஆகஸ்டில் வந்த விளக்கமோ, சிப்பந்திகளின் பங்கைப் பணமாக மதிப்பிட்டுக் காட்டலாகாது என்று சொல்லிவிட்டது. கணக்கர்களில் சிலருக்கு இது வருத்தமாயிருக்கலாம். நமக்கென்னவோ பின்னதே சரி என்று தோன்றுகிறது. கணக்கில் ஏறாது என்று தெரிந்தும் ஆட்களை அனுப்பும் கம்பெனி, மனம் வைத்துத்தான் அனுப்புகிறது.

அனுப்பும் விதத்திலும் பேதம் உண்டு. வருஷத்தில் ஒரு நாள், எல்லோரும் ஒரே நிறத்தில் பனியன் அணிந்து, மரக்கன்று நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவது ஒரு விதம். மறுநாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? டாட்டா கம்பெனிகள் 2014-இல் ஆரம்பித்த 'புரோஎங்கேஜ்' திட்டம் வேறு விதம். உத்தியோகஸ்தர், அவர்தம் மனைவி அல்லது கணவர், ஓய்வு பெற்றவர் ஆகியோர், தாம் கற்ற தொழிலையே ஒரு தொண்டு ஸ்தாபனத்துக்கு ஆறு மாதம் வரை, ஒழிந்த வேளைகளில் அளிக்கிறார்கள். நல்ல கணக்கர் ஒருவர் ஓர் அநாதை விடுதியின் பேரேட்டை ஒழுங்குபடுத்திக் கொடுத்தால், அவர் விடைபெற்றுச் சென்ற பிறகும் அந்த ஒழுங்கு நிற்கும். நன்கொடை தருகிறவர்களுக்கும் நம்பிக்கை பிறக்கும்.

இதற்கெல்லாம் முதலில் ஒழிந்த வேளை வேண்டுமல்லவா? டாட்டாவின் ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலை 1912-லேயே எட்டு மணி நேர வேலை முறையைக் கொண்டுவந்தது. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் இன்று தொண்டுப் பட்டியலை நீட்டும் மானேஜர்கள் இதைக் கவனிப்பார்களாக. கையெழுத்திடாதவர் பெயரை மனத்தில் குறித்துக்கொள்ளும் மானேஜரும் இல்லாமலில்லை. அவரிடம் செய்வது தொண்டல்ல, ஞாயிற்றுக்கிழமை வேலை.

இன்னொன்று: சுவரில் சித்திரம் தீட்டப் புறப்படுமுன், பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது சித்திரமா, குழாயில் தண்ணீரா என்று தலைமை ஆசிரியரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.