நடுச்சாமத்துப் பரோட்டா

அரவைப் பருவத்தில் கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயப்பாளையம் சர்க்கரை ஆலை ராத்திரியும் ஓடும். அங்கே இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல்.

நம் உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் ஒரு கடிகாரம் உண்டு. அதை ஓட்டுபவை 'க்ளாக்', 'பெர்' போன்ற மரபணுக்கள். இன்சுலின் சுரப்பதிலும் கொழுப்பு சேர்வதிலும் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. 2005-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வில், 'க்ளாக்' மரபணு பழுதான எலிகள் நேரங்கெட்ட நேரத்தில் தின்று கொழுத்தன. 2012-ல் ஒடிசாக்காரரான சச்சிதானந்த பாண்டா, கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தார். தின்ற அளவு ஏறக்குறைய ஒன்றுதான். நாள் முழுக்கக் கொறித்தவை பருத்தன. விழித்திருக்கும் வேளையில் 8 மணி நேரத்துக்குள் தின்றவை தப்பின.

எலிக் கதை அப்படியே மனிதருக்குப் பொருந்தாதுதான். ஆனால் ஒரே சாப்பாடு, காலையைவிட இரவில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுவதை மனிதரிடமே பார்த்திருக்கிறார்கள். பரோட்டா என்ன, மலையில் விளைந்த சாமைச் சோறானாலும் நேரம் முக்கியம்.

முழுச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். நடுச்சாமத்துக்கு மோரும் சுண்டலும் போதும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும், டாக்டரைக் கேட்டுவிட்டு நேரத்தை மாற்றுங்கள்.