வந்தியத்தேவன் கதையும் ஒரு வியாபாரி மனைவியின் விளக்கும்



வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் தமிழ் படிக்கும் பழக்கம் குறைந்து வருவது யாவரும் அறிந்ததே. ஆயினும் சரித்திர நாவல் மட்டும் ஏதாவது ஒரு வழியில் வீட்டுக்குள் வந்து விடுகிறது. பெரியவர்கள் தொடர்கதையைக் கிழித்துத் தைத்து பைண்டு வால்யூமாகப் படித்தார்கள். பிள்ளைகளோ 2022, 2023-இல் வந்த திரைப்படங்களில் தெலுங்கு பேசும் வந்தியத்தேவனைப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் அவர்கள் கேட்பது, "தாத்தா, இதெல்லாம் நிஜமாவே நடந்துதா?" என்பதுதான்.

இதற்கு என்ன பதில் சொல்வது? எல்லாம் உண்மை என்றால், நாளை வளர்ந்து விவரம் தெரிந்ததும் சரித்திரத்தையே கட்டுக்கதை என்று ஒதுக்கி விடுவான். எல்லாம் பொய் என்றால், திறந்த கதவை நாமே சாத்தியது போலாகும்.

அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். கங்காதர நெல்லூரில் வெல்ல வியாபாரம் செய்பவன். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' (1950–54) கையைப் பிடித்து அழைத்துப் போன வழியில்தான் சதாசிவ பண்டாரத்தாரின் சோழர் சரித்திரத்தையும், பிறகு கல்வெட்டுத் தொகுதிகளையும் போய்ச் சேர்ந்தேன். அதில் நான் கண்டுகொண்ட வழி ஒன்று உண்டு. மண்டிக் கணக்கில் சொந்தச் சரக்கையும் கமிஷன் சரக்கையும் சேர்த்து எழுதக் கூடாது அல்லவா? அது போல நாவலையும் மூன்று பத்தியாகப் பிரிக்க வேண்டும். கல் சொன்னது ஒன்று. ஆசிரியர் இட்டு நிரப்பியது ஒன்று. கதைக்கு வெளியே நின்று போனது இன்னொன்று.

முதல் பத்தி மிகச் சிறியது. ராஜராஜனின் தமக்கை குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரை உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. இப்படிச் சில இழைகள்தான். இரண்டாவது பத்தியோ ஐந்து பாகம். நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி எல்லாரும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். இதனால் நாவலின் மதிப்பு குறைந்து விடாது. எலும்புக்குச் சதை வைத்தவர் அவர்.

மூன்றாவது பத்தியைத்தான் நாம் கவனிப்பதில்லை. உத்தம சோழன் முடிசூடுவதோடு கதை முடிந்து விடுகிறது. குந்தவை பிராட்டியோ அதன் பிறகும் நெடுங்காலம் வாழ்ந்தவர். திண்டிவனம் பக்கத்துத் தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று, ஜினருக்கு ஒன்று என்று ஒரே ஊரில் மூன்று கோயில்கள் எடுப்பித்தார். ஆரணிக்கும் போளூருக்கும் நடுவே உள்ள திருமலையில் அவர் பெயரால் குந்தவை ஜினாலயம் இன்றும் நிற்கிறது. மேலே சுமார் 16 அடி உயர நேமிநாதர். எங்கள் நயினார் குடும்பங்கள் இன்றும் சென்று வணங்கும் தலம் அது.

அந்தத் திருமலைப் பாறையில் ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கி.பி. 1024 வாக்கில் வெட்டியது. மன்னன் கங்கை வரை வென்ற நாடுகளின் பட்டியல் இதில் வருவதால் சரித்திர ஆசிரியர்களிடம் பெரும் புகழ் பெற்றது. எல்லாரும் அந்தப் பட்டியலைப் படிப்பார்கள். நான் கடைசி வரிகளைப் படித்தேன். பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் இருக்கும் நன்னப்பயன் என்பவரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தா விளக்குக்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் வைத்தாளாம். நன்னப்பயன் என்ன தொழில்? 'வ்யாபாரி' என்றே கல்லில் வெட்டியிருக்கிறது!

பெரும்பாணப்பாடி எது தெரியுமோ? வாணர் என்றும் பாணர் என்றும் சொல்லப்பட்ட அரச மரபினரின் நாடு. வேலூர்ப் பக்கத்தோடு நம்ம சித்தூர்ச் சீமையும் அதில் சேர்ந்தது. கல்கி தம் வந்தியத்தேவனை வாணர் குலத்தவனாக ஆக்கினார் என்பது நினைவிருக்கும். ஆக, கதாநாயகனைத் தேடிப் போனவனுக்கு அவன் நாட்டிலிருந்தே ஒரு வியாபாரி வீட்டம்மாள் கிடைத்தாள்.

சமணர் என்றாலே கதைகளில் மயிற்பீலி ஏந்திய துறவிதான் வருவார். கடை வைத்துப் பிழைத்து, கையில் மிஞ்சிய காசில் விளக்கு வைத்த குடும்பஸ்தர்களும் இருந்தார்கள் என்பதைக் கல்தான் சொல்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்தத் தம்பதியின் பெயர்களில் கன்னடச் சாயல் தெரிகிறது. அவர்கள் தர்மம் எழுதப்பட்டதோ தமிழில். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்து சித்தூர் அதில் சேர்ந்த பிறகுதான் நாம் இரண்டு மொழிக்கு நடுவே நிற்கிறோம் என்று எண்ணுகிறோம். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தச் சீமையில் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

ஆகவே பேரப்பிள்ளை கேட்டால், மூன்று பத்தியையும் பிரித்துக் காட்டுங்கள். நாவலைத் தமிழில் படிக்க முடியாத பிள்ளைக்கு நீங்களே தினம் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டலாம். கோடை லீவில் வேலூர் வழியாகத் திருமலைக்கு ஒரு நடை அழைத்துப் போங்கள். மன்னர் பெயரைச் சொல்லிக் கொடுக்கும்போது, சாமுண்டப்பை பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.