புகைப்பவரின் உரிமையும் சங்கக் கட்டடமும்

"காசு என்னுடையது, பீடி என்னுடையது, கெட்டால் கெடுவதும் என் நெஞ்சுதான். இதில் சர்க்கார் குறுக்கிடுவானேன்?" என்று அங்கத்தினர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. ஆய்வின்பொருட்டுச் செல்லும் சங்கங்களில், கணக்கு வேலை முடிந்து தேநீர் வரும் வேளையில் இக்கேள்வி பெரும்பாலும் எழுகிறது. இதை வீண்வாதமென்று தள்ளிவிடுவதற்கில்லை. தம் உடலைப் பேணுவதும் பேணாதிருப்பதும் ஒருவருடைய இஷ்டம் என்பது நியாயமான பேச்சே. ஆனால் சட்டம் தடுத்திருப்பது எது, தடுக்காமல் விட்டிருப்பது எது என்று அறிந்துகொண்டால், கேள்வியில் பாதி தானே கரைந்துவிடும்.

நம் நாட்டில் இவ்விஷயத்தைத் தீர விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது கேரள உயர் நீதிமன்றம். பொது இடத்தில் புகைபிடிப்பது, அரசியலமைப்பின் 21-வது ஷரத்து காக்கும் உயிர்வாழும் உரிமைக்கு விரோதமானது என்று 1999-ம் ஆண்டு ஜூலை 12-ம் தேதி அது கூறிற்று. பொதுமக்களுக்குத் தொல்லை விளைவிப்பதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டப் பிரிவுகளுக்குள் இதுவும் அடங்கும் என்பது நீதிபதிகளின் முடிவு. 2001 நவம்பர் 2-ம் தேதி, மற்றொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆஸ்பத்திரி, கல்விக்கூடம், நூல்நிலையம், நீதிமன்றம், பொது அலுவலகம், பஸ், ரயில் முதலியவற்றில் நாடெங்கும் புகைபிடித்தலைத் தடுத்தது. பாராளுமன்றம் 2003-ல் 34-வது சட்டத்தை இயற்றிற்று. அதன் 4-வது பிரிவு 2004 மே 1 முதல் பொது இடங்களில் புகைபிடிப்பதை விலக்கியது. பின்னர் 2008 அக்டோபர் 2-ம் தேதி அமலுக்கு வந்த விதிகள், வேலை செய்யும் இடங்களையும் பொது இடம் என்பதில் சேர்த்தன. நமக்கு முக்கியமானது இந்தக் கடைசி மாறுதலே.

ஏனெனில், சினிமாக் கொட்டகையில் பக்கத்தில் இருப்பவர் சுருட்டுப் பற்றவைத்தால் நாம் எழுந்து வேறிடம் போய்விடலாம். தறிக்குழியில் காலிட்டு உட்கார்ந்திருப்பவர் எங்கே போவார்? நெய்த அளவுக்குத்தான் அவருக்குக் கூலி. அயர்லாந்து தேசம் 2004 மார்ச் 29-ம் தேதி மதுக்கடைகளுக்குள்ளும் புகையைத் தடுத்தபோது, குடிக்க வருவோரைக் கருதி அதைச் செய்யவில்லை. அங்கே நாள் முழுதும் நின்று ஊழியம் செய்வோரைக் கருதியே செய்தது. இது அடிப்படையில் ஒரு தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் என்பது நம் அபிப்பிராயம்.

பிறர் விட்ட புகை நம்மை என்ன செய்துவிடும் என்று ஐயுறுவோரும் உண்டு. ஜப்பானில் ஹிராயாமா என்னும் ஆராய்ச்சியாளர், தாம் புகைக்காத மனைவியர் 91,540 பேரைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து 1981-ல் முடிவை வெளியிட்டார். கணவர் மிகுதியாகப் புகைப்பவராயிருந்த குடும்பங்களில் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகமாகக் கண்டது. சிகரெட் கம்பெனிகள் இம்முடிவை வன்மையாக எதிர்த்தன. ஆயினும் பின்வந்த ஆராய்ச்சிகள் அதை உறுதிசெய்தன. பருத்தித் தூசுக்கிடையே வேலை செய்வோர் இன்னொன்றையும் அறிதல் நலம். பஞ்சாலைகளில் அத்தூசினால் உண்டாகும் மார்பு நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களையே அதிகமாகப் பற்றுகிறது.

இனிப் புகைப்பவரின் உரிமை. சட்டம் அவரைக் குற்றவாளியாக்கவில்லை. பதினெட்டு வயது நிறைந்தவர் பீடியோ சிகரெட்டோ வாங்குவதைத் தடுக்கவில்லை. தம் வீட்டில் புகைப்பதையும் தடுக்கவில்லை. திறந்தவெளி, பொது இடம் என்பதில் சேராது என்று சட்டமே சொல்கிறது. முப்பது அறைகள் கொண்ட ஹோட்டலிலும், முப்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ அமரும் உணவு விடுதியிலும், விமான நிலையத்திலும் புகைப்பதற்குத் தனியிடம் ஒதுக்கவும் அனுமதித்திருக்கிறது. ஆக, எழுந்து வெளியே போகக்கூடியவருக்கு இழப்பு சொற்பமே.

போக முடியாதவர் நிலைமைதான் கடினமானது. இங்கிலாந்தில் ராம்ப்டன் என்னும் காவலுள்ள மனநோய் மருத்துவமனையில் இருந்தவர்கள், 'எங்களுக்கு இதுவே வீடு. வெளியே செல்லவும் விடமாட்டீர்கள். புகைக்கவும் கூடாதென்றால் எப்படி?' என்னும் கருத்துடன் வழக்காடினர். 2008-ல் ஒரு முறையும், மேல்முறையீட்டில் 2009-ல் மறுமுறையும் தோற்றனர். மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகளுள் ஒருவர் அவர்கள் பக்கம் நின்றார். தீர்ப்பு எப்படியாயினும், அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லையென்று நமக்குத் தோன்றவில்லை. நம் அங்கத்தினர் எவரும் அந்நிலையில் இல்லை. தறிக்கூடத்தின் பின்புறம் வேப்பமரத்தடி இருக்கிறது.

பீடி சுற்றுவோர், புகையிலை பயிரிடுவோர் பிழைப்பு என்னாவது என்று கேட்பது வேறு கேள்வி, கனமான கேள்வியுங்கூட. இதற்குக் கேரளத்துக் கூட்டுறவாளர்களே ஒரு வழி காட்டியிருக்கின்றனர். பீடித் தொழிலாளர் நலச் சட்டம் அமலானதும் மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் தம் வேலையை நிறுத்திக்கொள்ள, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்கள் 1969-ல் சேர்ந்து தொடங்கியதே தினேஷ் பீடிக் கூட்டுறவு. ஒரு காலத்தில் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் வேலை செய்தனர். பீடியின் கிராக்கி குறையத் தொடங்கியபோது அந்நிறுவனம் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. மசாலைப் பொடி, தேங்காய்ப்பால் முதலிய உணவுப் பொருள்கள், குடை, ஆயத்த ஆடை, கம்ப்யூட்டர் வேலை என்று புதுத் தொழில்களில் இறங்கிற்று. பழைய வேலைகள் எல்லாவற்றையும் இவற்றால் ஈடுசெய்ய முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் தொழிலாளர் பிழைக்க வேண்டுமென்பதற்காகப் பக்கத்திலிருப்பவர் புகையைச் சுவாசிக்க வேண்டுமென்று வாதிப்பது பொருந்தாது.

சங்க நிர்வாகிகளின் கடமைக்கு வருவோம். புகைபிடிக்கக் கூடாத இடம், இங்கே புகைபிடிப்பது குற்றம் என்னும் அறிவிப்புப் பலகை ஒவ்வொரு வாயிலிலும் இருக்கவேண்டும். அளவு 60 சென்டிமீட்டருக்கு 30-க்குக் குறையலாகாது. யாரிடம் புகார் செய்வது என்று ஒருவர் பெயரும் எழுதி வைக்கவேண்டும். புகைபிடிக்க உதவும் சாம்பல் தட்டு, தீப்பெட்டி முதலியன உள்ளே வைக்கப்படலாகாது. மீறிப் புகைப்பவருக்கு மத்தியச் சட்டப்படி 200 ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் பொறுப்பாளர் வாளாவிருந்தால் அவருக்கும் அபராதமுண்டு. பலகை வாயிலில் தொங்க, தலைவர் மேஜைமீது சாம்பல் தட்டு வீற்றிருக்கும் சங்கங்களை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே புகார் சொல்ல எந்த நெசவாளிக்குத் துணிவு வரும்? பெயர் எழுதும்போது, புகைப்பழக்கமில்லாத நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பெயரை எழுதுவது உத்தமம். நூல் கிடங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே ஒரு பொறி போதும், சட்டம் வருமுன் நெருப்பு வந்துவிடும்.

இவ்வளவும் சங்கக் கட்டடத்துக்கு. நம் நெசவாளர்களில் பெரும்பாலோர் தத்தம் வீட்டிலேயே தறி போட்டிருக்கின்றனர். வீடு பொது இடமன்று. சட்டம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. உள்ளே கணவர் நெய்கிறார்; அதே அறையில் மனைவி தார் சுற்றுகிறார்; தூளியில் குழந்தை கிடக்கிறது. ஜப்பானியர் கண்டறிந்த அபாயம் இங்கேதான் முழு வலிமையுடன் இருக்கிறது. இங்கே பலகை மாட்ட எவருக்கும் அதிகாரமில்லை. நூல் பட்டுவாடா நாளில் அங்கத்தினர் அனைவரும் சங்கத்துக்கு வருகிறார்கள் அல்லவா? காரியதரிசிகள் அன்றைக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கி, பீடி பிடிக்க வேண்டுமானால் தறியைவிட்டு எழுந்து தெருத்திண்ணைக்குப் போய்ப் பிடியுங்கள் என்று சொல்லலாம். வீட்டுப் பெண்களும் அங்கத்தினராயுள்ள சங்கங்களில், இதைச் சொல்லும் பொறுப்பை அவர்களுக்கே விட்டுவிடலாம்.