கிணற்று நீரில் நைட்ரேட்: கைக்குழந்தைகளுக்குக் கவனம் தேவை

பயிருக்கு இடும் தழைச்சத்து முழுவதையும் பயிரே எடுத்துக்கொள்வதில்லை. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் சுமார் 21 கிலோ தழைச்சத்து உள்ளது. இது மண்ணில் முதலில் அம்மோனியமாகவும், பின்னர் நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டை அவ்வாறு பிடித்து வைப்பதில்லை. ஆகவே, பயிர் எடுத்தது போக எஞ்சியது பாசன நீருடனும் மழை நீருடனும் கீழிறங்கிக் கிணற்று நீரில் கலக்கிறது. மணற்பாங்கான நிலங்களில் இவ்விழப்பு அதிகம். எருக்குழி, மாட்டுத் தொழுவம், கழிவறைக் குழி ஆகியவற்றிலிருந்தும் நைட்ரேட் கசியும்.

இரத்தத்தில் நிகழ்வது என்ன?

நைட்ரேட் உடலினுள் நைட்ரைட்டாக மாறும்பொழுது, பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை அது மெத்திமோகுளோபினாக மாற்றிவிடுகிறது. மெத்திமோகுளோபினால் பிராணவாயுவைச் சுமக்க இயலாது. பெரியவர்களின் உடல் இம்மாற்றத்தை அவ்வப்பொழுது சரிசெய்துகொள்கிறது. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளிடம் இதற்கான நொதி குறைவு. வயிற்றில் அமிலமும் குறைவாதலால் நைட்ரைட்டை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் எளிதில் பெருகுகின்றன. 1945-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கோம்லி என்னும் மருத்துவர், கிணற்று நீரில் கரைத்த பாலைக் குடித்த குழந்தைகள் நீலம் பாரித்ததற்கு நைட்ரேட்டே காரணம் என எடுத்துரைத்தார்.

அறிகுறிகள்

உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறமாகும். மூச்சுத் திணறலும் சோர்வும் காணப்படும். இரத்தம் பழுப்பு நிறமாக இருக்கும். இதயக் கோளாறினாலும் உடல் நீலமடையலாம். எனவே, தாமதமின்றிக் குழந்தையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். புட்டிப்பாலுக்குக் கிணற்று நீர் பயன்படுத்தியிருந்தால் அதனை மருத்துவரிடம் கூற மறவாதீர்கள்.

செய்யவேண்டியவை

1. நைட்ரேட்டை நிறம், மணம் கொண்டு அறிய இயலாது. குடிநீர் ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர அளவின்படி ஒரு லிட்டர் குடிநீரில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது.

2. காய்ச்சுவதால் கிருமிகள் அழியும், நைட்ரேட் நீங்காது. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

3. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். இயலாத நிலையில், சோதித்து அறிந்த நல்ல நீரிலேயே பால் மாவைக் கரையுங்கள்.

4. மண் பரிசோதனைப்படி யூரியாவைப் பல தவணைகளாகப் பிரித்து இடுங்கள். நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பார்த்து மேலுரமிடலாம். உரமிட்டவுடன் அளவுக்கு மிஞ்சி நீர் பாய்ச்சுதல் கூடாது.

5. எருக்குழியையும் கழிவறைக் குழியையும் கிணற்றுக்கு அருகிலோ, அதன் மேட்டுப்புறத்திலோ அமைக்காதீர்கள்.

தேவைக்கு மேல் இட்ட யூரியாவால் விளைச்சல் கூடுவதில்லை. கைப்பணம் கரைவதோடு குடிநீரும் கெடுகிறது. வீட்டில் கைக்குழந்தை இருப்பின், அடுத்த மூட்டை வாங்குமுன் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுங்கள்.