கடலுக்கு எந்த ரீல்?

மளிகையோடு தூண்டில் முள், நரம்பு விற்கும் நமது தேனி, கம்பம் பகுதி வணிக அன்பர்களுக்காக இதை எழுதுகிறோம்.

வைகை அணைக்குச் சாதாரணத் தூண்டிலே போதும். மூணாறு மலையோடைகளில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் கொண்டுவந்து விட்ட ட்ரௌட் மீனுக்கு, இறகு கட்டிய முள்ளை வீசும் ஈத்தூண்டிலும் அதற்கான ரீலும் வேண்டும். அந்த ரீலையே கடலுக்கும் ஆகும் என்று விற்றுவிடாதீர்கள். இராமேசுவரம் போய் வந்தவர், இறுகிப்போன ரீலை நம் கல்லாவின் மேல் கொண்டுவந்து வைப்பார். கெடுவது கடையின் பெயர்.

உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புத் தராசுத் தட்டு என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். ரீலில் இன்னும் மோசம். அலுமினிய உடலில் வேறு உலோகத் திருகு இருந்து, இடையே உப்புநீர் புகுந்தால், பேட்டரிக்குள் நடப்பது போன்ற வேலை நடந்து அலுமினியம் அரித்துப்போகும்.

ஆகவே கொள்முதலின்போது வார்ப்பு உடலைத் தவிர்த்து, கட்டி அலுமினியத்தில் கடைந்து அனோடைஸ் செய்த ரீலையே கேளுங்கள். வெறும் பெயின்ட் என்றால் ஒரு கீறல் போதும், அங்கிருந்து அரிப்பு தொடங்கிவிடும். திருகுகள் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருப்பது நல்லது. காந்தம் வைத்துப் பாருங்கள். வலுவாக ஒட்டினால் அது அந்த ரகமல்ல.

எல்லாவற்றிலும் முக்கியம் பிரேக். ட்ரௌட்டுக்குக் கிளிக் பிரேக்கே போதும். பாறை, வஞ்சிரம் போன்ற மீன்களோ ஒரே ஓட்டத்தில் நூறு மீட்டருக்கு மேலும் இழுக்கக்கூடியவை. பிரேக் தட்டுகளுக்குள் உப்பும் மணலும் புகாதபடி சீல் செய்திருக்க வேண்டும். சுருள் 200 மீட்டர் அடிநூலாவது கொள்ள வேண்டும்.

விலை கூடத்தான் செய்யும், மறைக்காமல் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, பிரேக்கைத் தளர்த்தி, நிழலில் உலர்த்தச் சொல்லியே விற்க வேண்டும். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளேதான் போகும்.