ஆட்டுக்காலுக்கும் கயிற்றுக்கும் என்ன முடிச்சு?

ஈப்போ – தொடர்பில்லாத இரண்டைச் சேர்த்துப் பேசினால், "மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே" என்பார்கள் நம் பெரியவர்கள். ஆனால் காலுக்கும் கயிற்றுக்கும் உண்மையிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. ஆங்கிலேய மாலுமிகள் அதற்கு வைத்த பெயர் 'ஷீப்ஷாங்க்'.

'ஷீப்' என்றால் செம்மறியாடு. 'ஷாங்க்' என்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். ஆக, நம் மொழியில் சொன்னால் இது 'ஆட்டுக்கால் முடிச்சு'. முடிச்சின் நடுப்பகுதி நீண்டு மெலிந்தும், இரு முனைகளும் சற்றுப் புடைத்தும் இருக்கும். அது ஆட்டின் கால் எலும்பைப் போல் தோன்றியதால் இப்பெயர் வந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

வெட்டாமல் சுருக்கும் வழி

பாய்மரக் கப்பல்களில் கயிறு விலைமதிப்புள்ள பொருள். இன்று நீளம் அதிகமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டால், நாளை அதே நீளம் தேவைப்படும்போது நடுக்கடலில் எங்கே போவது? எனவே, வெட்டாமல் கயிற்றின் நீளத்தைக் குறைக்கவும், வேண்டும்போது நொடியில் அவிழ்க்கவும் இந்த முடிச்சு பயன்பட்டது. கயிற்றின் இரு முனைகளும் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தாலும் இதைப் போட முடியும் என்பது இதன் சிறப்பு.

போடும் முறை எளிது. கயிற்றின் நடுப்பகுதியை முன்னும் பின்னுமாக மடித்து, மூன்று வரிகள் பக்கம் பக்கமாக இருக்கும்படி பிடிக்க வேண்டும். இப்போது இரு பக்கமும் ஒவ்வொரு மடிப்பு இருக்கும். ஒரு பக்கத்தில் வெளியே செல்லும் கயிற்றில் சிறு வளையம் செய்து, அந்தப் பக்கத்து மடிப்பின் மேல் மாட்ட வேண்டும். மறுபக்கமும் அப்படியே செய்து, இரு முனைகளையும் இழுத்தால் முடிச்சு இறுகிவிடும். கயிற்றில் நைந்துபோன இடம் இருந்தால், அது மூன்று வரிகளின் நடு வரியில் வருமாறு மடிப்பார்கள். அந்த இடத்தின் மீது பாரம் அவ்வளவாக விழாது.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கயிறு விறைப்பாக இருக்கும்வரைதான் இந்த முடிச்சு நிற்கும். தளர்ந்தால் தானாக அவிழ்ந்துவிடும். வழுக்கும் நைலான் கயிற்றில் இன்னும் மோசம். ஆகவே பிள்ளையின் ஏணைக்கோ, ஊஞ்சலுக்கோ, ஆள் ஏறும் எதற்கோ இதை நம்பவே கூடாது.

நாட்டுக்கொரு பெயர்

அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தோடு தொடர்புடைய கேப்டன் ஜான் ஸ்மித், 1627-இல் மாலுமிகளுக்காக ஒரு கையேட்டை வெளியிட்டார். அதில் அவர் குறிப்பிட்ட மூன்று முடிச்சுகளில் இதுவும் ஒன்று. ஆகவே பெயருக்கு வயது 400 ஆண்டுகளை நெருங்குகிறது. பேடன் பவல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கியபோது, சிறுவர்கள் கற்க வேண்டிய முடிச்சுகளில் இதையும் சேர்த்தார். கடலையே பார்க்காத பிள்ளைகளும் மாலுமிகளின் முடிச்சைக் கற்றது அப்படித்தான்.

ஒரே முடிச்சை ஒவ்வொரு மொழியினரும் ஒவ்வொரு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு இது 'நாய்க்கால்'. ஜெர்மானியர்களும் டச்சுக்காரர்களும் இதை 'ஊதுகுழல் முடிச்சு' என்கிறார்கள். ஸ்பானியர்களுக்கும் இத்தாலியர்களுக்கும் 'மார்கரித்தா'. அது ஒரு பூவின் பெயரும் பெண்ணின் பெயருமாகும். கயிறு ஒன்றுதான். தத்தம் வீட்டிலும் வயலிலும் பழகிய பொருளைக் கொண்டு மக்கள் அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

நம் கயிறும் கடல் கடந்தது

தமிழர்களுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. மரங்களைக் கயிற்றால் பிணைத்துச் செய்த மிதவைக்குச் சோழமண்டலக் கரை மீனவர்கள் வைத்த பெயர் 'கட்டுமரம்'. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் அதைப் பற்றி எழுதினார். இன்று உலகெங்கும் இரட்டை உடல் கொண்ட படகுகளை 'கட்டமரன்' என்கிறார்கள். அவற்றில் கட்டும் இல்லை, மரமும் பெரும்பாலும் இல்லை. பெயரில் மட்டும் இரண்டும் இருக்கின்றன. தென்னை நாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'காயர்', மலையாளத்தின் 'கயர்' என்பதிலிருந்து சென்றது. அது நம் 'கயிறு' என்பதன் உடன்பிறப்பு. மலாயில் கப்பலைக் குறிக்கும் 'காப்பால்' நம் 'கப்பல்'தான்.

அதற்காக ஒலி ஒத்துப்போகும் எல்லாவற்றையும் உறவாக்கிவிட முடியாது. மலாயில் கயிறு 'தாலி' எனப்படுகிறது. கழுத்தில் ஏறும் நம் தாலியும் கயிறுதானே என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அந்த மலாய்ச் சொல்லுக்குப் பிலிப்பைன்ஸ் மொழிகளிலும் உறவுச் சொற்கள் இருக்கின்றன. அது அந்த மொழிக் குடும்பத்தின் சொந்தச் சொத்து. இங்கே முடிச்சுப் போட்டால், அது மொட்டைத்தலை முடிச்சாகிவிடும்.

தும்பை விட்டவர்கள்

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டு முடிந்த பிறகு மாடும் ஆடும் வளர்த்த குடும்பங்கள் ஏராளம். அந்த வாழ்க்கைக்கென்று கயிற்றுச் சொற்களும் இருந்தன. மாட்டின் மூக்கில் மூக்கணாங்கயிறு, கட்டிவைக்கத் தும்பு, கிணற்றில் தாம்புக்கயிறு, இடுப்பில் அரைஞாண், தேருக்கு வடம், இழுத்தால் இறுகுவது சுருக்கு, முறுக்கிச் சேர்க்கும் ஒவ்வோர் இழையும் புரி.

1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்த நெருக்கடியில்தான். பின்னர் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. லயங்களில் இருந்தவர்கள் ஈப்போ போன்ற பட்டணங்களுக்கு நகர்ந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் மாடு கட்ட இடமில்லை. மாடு போனதும் தும்பும் போனது.

"தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை" என்ற பழமொழியைத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் தும்பு என்பது மாட்டைக் கட்டும் கயிறு என்று அவர்களுக்கு யார் சொல்வது? பொருள் தெரியாமல் படித்தால், பழமொழிக்கும் அதே கதைதான்.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. சீருடை இயக்கத்தில் ஆட்டுக்கால் முடிச்சைக் கற்றுவரும் பிள்ளை அதை வீட்டில் போட்டுக் காட்டட்டும். தாத்தாவோ பாட்டியோ மாட்டைக் கட்டிய முடிச்சைப் பதிலுக்குப் போட்டுக் காட்டி, அதன் பெயரையும் சொல்லட்டும். ஒரு முழக் கயிறு போதும். சொல்லித்தரும் கைகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன.